எல்லைக்குள் எவ்வளவு வலிமை? அல்ட்ராலைட் வடிவமைப்பும் சட்டத்தின் நோக்கமும்

அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து விதிகளின் 103ஆம் பகுதி 1982 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஒரே ஒருவர் அமர்ந்து, பொழுதுபோக்குக்காகவோ விளையாட்டுக்காகவோ மட்டும் ஓட்டும் அல்ட்ராலைட் ஊர்திக்கு அது சில வரம்புகளை வகுத்தது. எஞ்சின் பொருத்திய ஊர்தியின் வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். எரிபொருள் 5 அமெரிக்க காலனுக்கு மேல் கொள்ளக் கூடாது; அது ஏறத்தாழ 19 லிட்டர். மட்டமாகப் பறக்கையில் முழுத் திறனில் வேகம் 55 நாட், அதாவது மணிக்கு 102 கிலோமீட்டர், என்ற அளவைத் தாண்டக் கூடாது. இறக்கை தன் தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் வேகம் 24 நாட்டுக்கு மேல் போகக் கூடாது. இவ்வளவுக்கும் உட்பட்டுவிட்டால் ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டாம், ஊர்திக்குப் பதிவு எண் வேண்டாம், பறக்கும் தகுதிச் சான்றிதழும் வேண்டாம்.

இந்த விதியில் குதிரைத்திறன் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 28 குதிரைத்திறன் எஞ்சினும் பொருத்தலாம், 60 குதிரைத்திறன் எஞ்சினும் பொருத்தலாம். இந்த வகைக்குள் வரும் ‘மொஸ்கிட்டோ’ என்னும் ஒற்றை இருக்கை ஹெலிகாப்டர் சுமார் 60 குதிரைத்திறனோடுதான் எழும்புகிறது. ஆகவே எல்லைக்குள் நின்றபடியே மிக வலிமையான அல்ட்ராலைட்டைச் செய்துவிட முடியும். அப்படிச் செய்வது சட்டத்துக்குக் கீழ்ப்படிவதா, சட்டத்தை ஏய்ப்பதா என்பது பொறியியலுக்கு அப்பால் அறவியலைத் தொடும் கேள்வி.

முதலில் பொறியியல். ஊர்தி 115 கிலோ, பெட்ரோல் 14 கிலோ, ஓட்டுபவர் 80 கிலோ என்று கொண்டால் மொத்தம் 209 கிலோ. இந்த எடையை 24 நாட் வேகத்தில் தாங்க, சாதாரண ஃபிளாப் வைத்த இறக்கைக்கு 13 முதல் 14 சதுர மீட்டர் பரப்பு தேவைப்படும். திறந்த குழாய்ச் சட்டமும் கம்பிகளும் கொண்ட ஊர்தியை 55 நாட்டுக்குக் கொண்டுபோக 30 குதிரைத்திறனே போதும். அதே உடலில் 60ஐப் பொருத்தினால் வேகம் வரம்பை மீறும். எனவே வடிவமைப்பாளர் மற்ற விமானங்களில் யாரும் விரும்பாத ஒன்றை நாடுகிறார்: காற்றின் இழுவையை வேண்டுமென்றே கூட்டுகிறார். கம்பிகளும் தாங்குகோல்களும் மூடாக்கின்றி நிற்கின்றன. ஓட்டுபவர் காற்று நேரே படும்படி அமர்கிறார். கூடவே வடிவமைப்பாளர், பெரிய விட்டமும் குறைந்த பிட்சும் (அலகின் சாய்வும்) உள்ள ப்ரொப்பெல்லரைக் குறைப்புக் கியர் வழியாக மெதுவாகச் சுழற்றுகிறார். மெதுவான வேகத்தில் அது மிகுந்த உந்துவிசை தரும்; வேகம் ஏற ஏற அந்த விசை தேய்ந்துவிடும்.

விளைவு வியப்பானது. 35 நாட் வேகத்தில் அந்த ஊர்தி நொடிக்கு 7 முதல் 8 மீட்டர் உயரம் ஏறும். பயிற்சிக்குப் பெயர்போன செஸ்னா 172 முழு எடையில் நொடிக்கு 4 மீட்டரைக்கூட எட்டாது. ஆனால் முழுத் திறனில் தொடர்ந்து ஓட்டினால் 19 லிட்டர் பெட்ரோல் முக்கால் மணிநேரம்கூடத் தாங்காது. வலிமைக்குரிய விலையைத் தொட்டியே வாங்கிக்கொள்கிறது.

இனி கேள்விக்கு வரலாம். சட்டத்தின் சொல்லும் நோக்கமும் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில் என்ன செய்வது என்பதை அரிஸ்டாட்டில் நிகோமாகிய அறவியலின் 5ஆம் நூலில் எடுத்துக்கொள்கிறார். சட்டம் பொதுவாகவே பேசும், வாழ்க்கையோ தனித்தனியாக வரும். சட்டமியற்றியவர் எண்ணிப் பார்க்காத நிலை எழும்போது, அவர் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதையே நாம் கொள்ள வேண்டும் என்பது அவர் முடிவு. லெஸ்போஸ் தீவின் கட்டடக்காரர்கள் கல்லின் வடிவத்துக்கு ஏற்ப வளையும் ஈய அளவுகோலைப் பயன்படுத்தியதை அவர் உவமையாகக் காட்டுகிறார்.

1958இல் இதே கேள்வி ஹார்வர்ட் லா ரிவியூவில் வேறு வடிவில் வந்தது. பூங்காவுக்குள் ஊர்திகள் கூடாது என்று ஒரு விதி இருந்தால் அது கார்களைத் தடுக்கும் என்பதில் ஐயமில்லை. மிதிவண்டியைத் தடுக்குமா, பொம்மைக் காரைத் தடுக்குமா, விமானத்தைத் தடுக்குமா என்று சட்டத் தத்துவ அறிஞர் எச்.எல்.ஏ. ஹார்ட் கேட்டார். சொல்லுக்கு ஐயமற்ற ஒரு நடுப்பகுதி உண்டு, அதைச் சுற்றி மங்கலான விளிம்பும் உண்டு என்பது அவர் வாதம். இன்னொரு சட்ட அறிஞரான லான் ஃபுல்லர் அதை ஏற்கவில்லை. உலகப்போரில் ஓடிய ஒரு லாரியை நினைவுச்சின்னமாகப் பூங்காவில் பீடத்தின்மேல் நிறுத்தினால் என்ன என்று கேட்டார். நடுப்பகுதிச் சொல்லுக்கும் நோக்கத்தைப் பார்க்காமல் பொருள் சொல்ல முடியாது என்பது அவர் தரப்பு.

103ஆம் பகுதியின் நோக்கத்தை அறிய அதன் வரம்புகளையே பார்த்தால் போதும். அது கட்டுப்படுத்துவது எடையை, வேகத்தை, எரிபொருளை, இருக்கையின் எண்ணிக்கையை. பிறருக்கோ பிறர் உடைமைக்கோ ஆபத்து நேரும்படி ஓட்டக் கூடாது, நெருக்கமான குடியிருப்புக்கு மேலே பறக்கக் கூடாது என்பவையும் அதில் உண்டு. 209 கிலோ ஊர்தி 55 நாட்டில் மோதினால் வெளிப்படும் ஆற்றல், ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 47 கிலோமீட்டரில் மோதுவதற்குச் சமம். சட்டம் அளந்து வைத்திருக்கும் தீங்கு இதுதான். வேகமாக உயரம் ஏறுவதால் இந்த ஆற்றல் கூடுவதில்லை. அதனால், உடலின் இழுவையாலும் ப்ரொப்பெல்லரின் இயல்பாலும் வேகம் கட்டுண்டிருக்கும் வலிமையான ஊர்தி சட்டத்தின் சொல்லுக்கும் உட்பட்டது, நோக்கத்துக்கும் உட்பட்டது. அதை ஏய்ப்பு என்று சொல்வது அநீதி. ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட முடியாது: முழுத் திறனில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் இரைச்சல். 103ஆம் பகுதி அதற்கு வரம்பு வைக்கவில்லை. ஓடுபாதைக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு அது உண்மையான தொல்லைதான்.

வேகத்தை வேறு வழியிலும் கட்டலாம். கார்பரேட்டரின் த்ராட்டில் முக்கால் பங்குக்கு மேல் திறக்காதபடி ஒரு போல்ட்டை வைத்துவிட்டு, அந்த நிலையையே முழுத் திறன் என்று காட்டலாம். அளக்கும் நாளில் ஊர்தி 55 நாட்டைத் தாண்டாது. மறுநாள் ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் இருந்தால் போல்ட் கழன்றுவிடும், ஊர்தி பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். காகிதத்தில் இந்த ஊர்தியும் இழுவையால் கட்டுண்ட ஊர்தியும் ஒன்றே. ஆனால் தாங்குகோல்களின் இழுவையை யாரும் மைதானத்தில் நின்று கழற்றிவிட முடியாது. மின்சாரப் பல்சுழலி ஊர்திகளில் இந்தப் போல்ட்டின் இடத்தை மென்பொருள் எடுத்துக்கொண்டது. ஜெட்சன் ஒன் ஊர்தியின் உச்ச வேகம் மென்பொருளால் மணிக்கு 102 கிலோமீட்டரில் நிறுத்தப்பட்டிருக்கிறது. மென்பொருள் வரம்பு நேர்மையானதா என்பது அதை மாற்றும் வழி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓட்டுபவரால் மாற்ற முடியாதென்றால் அது இழுவைக்கு நிகர். மாற்ற முடியுமென்றால் அது போல்ட்டுக்கு நிகர்.

எடை வரம்பிலோ சோதனை நேர்மாறாக வருகிறது: அங்கே மீறப்படுவது சொல், முன்வைக்கப்படுவது நோக்கம். அமெரிக்காவில் 254 பவுண்டைத் தாண்டிய ‘கொழுத்த’ அல்ட்ராலைட்டுகள் ஏராளமாகப் பறந்தன. கூடுதல் எடையில் பெரும்பகுதி தடித்த குழாய், பிரேக், மின் ஸ்டார்ட்டர் போன்ற பயனுள்ள பொருள்களே. வலுவான ஊர்தி பாதுகாப்பானது, பாதுகாப்புதானே சட்டத்தின் நோக்கம் என்று அவற்றின் உரிமையாளர்கள் வாதிட முடியும். அரிஸ்டாட்டிலின் வளையும் அளவுகோல் இங்கே துணைக்கு வராது. அவர் சொன்னது சட்டமியற்றியவர் எண்ணாத நிலைக்கு. 103ஆம் பகுதியை இயற்றியவர்கள் எடைக் கூடுதலை எண்ணியே எழுதினார்கள். ஆபத்து வேளையில் பயன்படும் பாராசூட்டையும், நீரில் இறங்க உதவும் மிதவைகளையும் எடைக் கணக்கிலிருந்து விலக்கிவைத்தார்கள். பாராசூட்டுக்கு 24 பவுண்டு சலுகை தருவதே வழக்கம். 254 பவுண்டைவிடக் கனமான ஊர்தி வேண்டுவோர் சோதனை வகையில் பதிவு செய்துகொள்ள வழி இருந்தது. 2004இல் ஸ்போர்ட் பைலட் விதி வந்தது. கொழுத்த அல்ட்ராலைட்டுகளும் பயிற்சிக்கென விலக்கு பெற்றுப் பறந்த இரட்டை இருக்கை ஊர்திகளும் அதன்கீழ் பதிவாக 2008 ஜனவரி 31 வரை அவகாசம் கிடைத்தது. கதவு திறந்திருக்கும்போது சுவரேறிக் குதிப்பதை நோக்கத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

சட்டம் பேசாமல் விடும் இடம்தான் மிகக் கடினமானது. 13ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் நாக்மனிடீஸ் லேவியராகமம் 19:2க்கு எழுதிய உரையில் இதைத் தொட்டார். விலக்கப்பட்டவற்றையெல்லாம் விலக்கிவிட்டு, அனுமதிக்கப்பட்ட இறைச்சியிலும் மதுவிலும் அளவின்றித் திளைக்கும் ஒருவர் எந்தக் கட்டளையையும் மீறாமலே இழிந்தவராகிவிட முடியும் என்கிறார் அவர். தனித்தனிக் கட்டளைகளுக்குப் பின்னர் புனிதராக இருங்கள் என்னும் பொதுக் கட்டளை வருவது அதற்காகவே என்பது அவர் விளக்கம்.

அல்ட்ராலைட்டில் அந்த இழிவு குதிரைத்திறனில் இல்லை. அது இறக்கையின் முதன்மைக் குழாயில் நேரலாம். 115 கிலோவில் பெரிய எஞ்சினுக்கு இடம் கொடுக்க எங்கேயோ எடையைக் குறைத்தாக வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் சுவருள்ள அலுமினியக் குழாயை ஒரு மில்லிமீட்டராக்கினால் கிலோ கணக்கில் மிச்சமாகும். இறக்கை எத்தனை மடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்று 103ஆம் பகுதி எங்கும் கேட்பதில்லை. எடை குறைந்து இறக்கை பெருத்த ஊர்தியைக் காற்றின் திடீர் வீச்சு மற்ற விமானங்களைவிடக் கடுமையாக உலுக்கும் என்பது வடிவமைப்பாளருக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தக் குழாயை மெலிதாக்குபவர் எந்த விதியையும் மீறவில்லை. ஆனாலும் செய்யத் தகாததைச் செய்கிறார்.

தன் உயிருக்கு நேரும் ஆபத்தைத் தானே ஏற்பதைத் தடுக்கப் பிறருக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூல் அப்படிக் கேட்பவர்களுக்கு அரண். ஒற்றை இருக்கை விதியும் அதே எண்ணத்தோடு ஒத்துப்போகிறது. மில்லின் வாதம் ஓட்டுபவருக்குப் பொருந்தும். ஆனால் ஆபத்தைத் தானாக ஏற்றுக்கொள்ள, அந்த ஆபத்து என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். உரிமமோ கட்டாயப் பயிற்சியோ இல்லாத ஒருவர் இந்த ஊர்தியை வாங்கலாம், வேறொருவரிடமிருந்து இரண்டாம் கையாகவும் வாங்கலாம். 60 மீட்டர் உயரத்தில், மூக்கு 25 பாகை நிமிர்ந்து, 35 நாட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றால், இழுவை மிகுந்த அந்த இலகுவான உடல் ஸ்டால் வேகத்துக்கு விழ ஏறத்தாழ ஒரு நொடிதான் ஆகும். அதற்குள் மூக்கைக் கீழே தள்ளியாக வேண்டும். செஸ்னாவில் பழகியவருக்கு அங்கே பல நொடிகள் இருந்திருக்கும். அந்தப் பழக்கமே இங்கே எதிரியாகிவிடும்.

ஆகவே வடிவமைப்பாளரின் கடன் எடைத் தராசோடு முடிவதில்லை. ஊர்தி இந்தப் பகுதிக்குள் அடங்கியதே என்பதற்கு, அதிகாரி கேட்டால் ஓட்டுபவர் சான்று காட்ட வேண்டும் என்று விதி சொல்கிறது. வாங்குபவர் கேட்காமலே அவர் கையில் கிடைக்க வேண்டிய தாள் இன்னொன்று. எந்தப் பிட்சில், எந்த த்ராட்டில் நிலையில் உச்ச வேகம் அளக்கப்பட்டது, முதன்மைக் குழாய் எத்தனை மடங்கு சுமைக்குச் சோதிக்கப்பட்டது, பாராசூட் எந்த உயரத்துக்குக் கீழே பயன்படாது, மூக்கு நிமிர்ந்து ஏறும்போது எஞ்சின் நின்றால் எத்தனை நொடி கிடைக்கும் என்பவை அதில் எண்களாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.