சரணடைந்தவனை என்ன செய்வது?

குகைச் சண்டை முடிந்துவிட்டது. ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு கோப்ளின் என்னும் அரக்கப் பிறவிகள் இரண்டு மண்டியிட்டிருக்கின்றன. உள்ளறையில் அவற்றின் குட்டிகள். பக்கத்தில் சிறையும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. விட்டுவிட்டால் நாளைக்கே ஆள் திரட்டிக்கொண்டு வரலாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் மற்றவர்களுக்கு இது வெறும் உத்திக் கணக்கு. பாலடின் பாத்திரத்தை ஏற்றவருக்கு மட்டும் தர்மசங்கடம். அவர் தவறான முடிவெடுத்தால், தெய்வம் அருளிய சக்தி மொத்தமும் போய், அவருடைய புனித வீரன் சாதாரண வாள்வீரனாகிவிடுவான்.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடப்படும் இடங்களில் அரை நூற்றாண்டாக ஓயாத வழக்கு இது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆட்டம். பலகை தேவையில்லை, காகிதம், பகடை, பேச்சு போதும். கதையை நடத்தி, நடந்ததற்குத் தீர்ப்பும் சொல்பவர் 'டன்ஜன் மாஸ்டர்'. அடுத்த ஆண்டு வந்த 'கிரேஹாக்' துணைநூலில் பாலடின் நுழைந்தான். சார்லமேன் பேரரசனின் பன்னிரு வீரர்களைப் பற்றிய பழங்கதைகள் ஒரு பக்கம், அவற்றைப் புதுக் கற்பனையாக்கிய பால் ஆண்டர்சனின் நாவல் மறுபக்கம் என இரண்டிலிருந்தும் பிறந்தவன் அவன்.

பாலடினாவதே அரிது. கவர்ச்சித் திறனுக்கு மூன்று பகடை உருட்டி 17 அல்லது 18 விழ வேண்டும். அதற்கு 216இல் 4 வாய்ப்புதான். ஆன பிறகும் நிம்மதி இல்லை. 1978ஆம் ஆண்டு விதிநூல்படி அவன் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகத் தர வேண்டும்; பத்து மந்திரப் பொருட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒழுங்கு மீறினால் குருவிடம் பாவமன்னிப்புக் கேட்டுப் பரிகாரம் செய்யலாம். தெரிந்தே தீமை செய்தாலோ அவ்வளவுதான், திரும்பி வரும் வழியே கிடையாது.

இவ்வளவு கறாரான விதிகளை எழுதிய கைகாக்ஸ்தான் 1979இன் இறுதியில் வெளியான 'தி கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்' என்ற சாகசத் தொகுப்பையும் எழுதினார். அதன் குகைகளில் வாழும் அரக்கக் கூட்டங்களில் பெண்களும் குட்டிகளும் எத்தனை என்ற கணக்குகூட உண்டு. அவர்களை என்ன செய்வது என்பதைத்தான் நூல் ஆடுபவர்களிடமே விட்டுவிட்டது. பல ஆண்டுகள் கழித்து, 2005இல், ஆட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதிலளித்தபோது கைகாக்ஸ் தயங்கவில்லை: சரணடைந்த தீயவர்களைப் பாலடின் கொல்லலாம், அது அவன் நெறிக்கு முரணல்ல என்றார். ஈரை விட்டால் பேனாகும் என்ற பொருள் தரும் பழைய ஆங்கிலச் சொலவடையைத் துணைக்கும் அழைத்தார்.

அந்தச் சொலவடைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் கர்னல் ஜான் சிவிங்டன். மெத்தடிஸ்ட் போதகராகவும் இருந்தவர். 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் அவருடைய படை ஷயான், அரபஹோ பூர்வகுடி மக்களின் முகாமைத் தாக்கி ஏறத்தாழ 230 பேரைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

விளையாட்டுதானே என்று இதைத் தள்ளிவிடலாம். கோப்ளின் என்று எதுவும் இல்லை, யாருக்கும் வலிக்கப் போவதில்லை. ஆனால் பாலடினை விரும்பி எடுப்பவர், நல்லவனாக இருப்பது எப்படி என்று நடித்துப் பார்க்கத்தான் எடுக்கிறார். பிறப்பாலேயே தீயது என்று ஓர் இனத்தை விதிநூல் முத்திரை குத்திவிட்டால், அந்த ஒத்திகையில் கடினமான பகுதி தொடக்கத்திலேயே வெட்டப்பட்டுவிடுகிறது. பழைய பாலடினுக்கு எதிரே நிற்பவரின் தீமையை உணரும் சக்தியும் உண்டு. சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம். அந்தச் சக்தி தீய இயல்பைக் காட்டுமே தவிர, செய்த குற்றத்தைக் காட்டாது. இந்த வேறுபாட்டைப் பல பாலடின்கள் கவனிப்பதேயில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கோளாறு உண்டு. சில டன்ஜன் மாஸ்டர்கள் பாலடினை வீழ்த்துவதற்கென்றே பொறி வைப்பார்கள். கொலைகாரன் கதவைத் தட்டி, குழந்தை எங்கே என்று கேட்கிறான். உண்மை சொன்னால் குழந்தை சாகும். பொய் சொன்னால் நெறி போகும். 1797இல் இதே போன்றொரு கேள்விக்கு, அங்கேயும் பொய் கூடாது என்று தத்துவஞானி காண்ட் பதில் எழுதி இரண்டு நூற்றாண்டாக வசவு வாங்கிக்கொண்டிருக்கிறார். ஆட்டத்தின் 2000ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு பொய், ஏமாற்று, நஞ்சு மூன்றையும் விலக்கியது. முறையான அதிகாரத்துக்குப் பணிவு, தேவைப்படுவோருக்கு உதவி, அப்பாவிகளுக்குத் தீங்கு செய்பவர்களுக்குத் தண்டனை ஆகியவற்றைக் கடமையாக்கியது. இவை ஒன்றோடொன்று மோதினால் எது முந்தும் என்று மட்டும் சொல்லவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வீழ்ச்சி என்றால், அது வீரனின் குற்றமல்ல, சட்டம் எழுதியவரின் குற்றம்.

2019இல் வந்த 'பாத்ஃபைண்டர்' என்ற வேறோர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு இதைச் சரிசெய்தது. அங்கே பாலடினின் கடமைகளுக்கு வரிசை உண்டு. மோதல் வந்தால் மேலே இருப்பது வெல்லும். அப்பாவியைக் காப்பது பொய் சொல்லாமைக்கு மேலே நிற்கிறது. கதவைத் தட்டும் கொலைகாரனிடம் கூசாமல் பொய் சொல்லலாம். இதனால் நெறி நீர்த்துப்போகவில்லை. எதை முதலில் விட்டுக்கொடுக்கலாம் என்று தெரிந்திருப்பதுதான் அதை நடைமுறைக்கு ஏற்றதாக்குகிறது.

ரிச் பர்லூவின் 'ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்' படக்கதையில் மீகோ என்றொரு பாலடின் வருகிறாள். ஒரு விதியையும் மீறாதவள், மீறுபவர்களைப் பொறுக்காதவள். தன் முதிய தலைவரைத் துரோகி என்று தானே முடிவுகட்டி, ஆயுதமற்ற அவரை வெட்டிச் சாய்க்கிறாள். அந்தக் கணமே தெய்வங்கள் அவள் சக்தியைப் பறித்துக்கொள்கின்றன. அப்போதும் தவறு தன்னுடையது என்று அவளுக்குத் தோன்றவில்லை. யாரோ செய்த சதி என்கிறாள். கையில் நெறி இருப்பதாலேயே தீர்ப்பளிக்கும் உரிமையும் இருப்பதாக நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான சித்திரம் இந்த வகைக் கதைகளில் கிடைப்பது கடினம்.

மூன்றாம் பதிப்பில் இன்னொரு விதி: தீயவர் என்று தெரிந்தும் ஒருவரோடு கூட்டுச் சேரக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நண்பர்கள் கூடி ஆடும் மேசையில், ஒருவர் பாலடினானால் இன்னொருவர் தனக்குப் பிடித்த பாத்திரத்தைக் கைவிட வேண்டியதாகிறது. ஒருவரின் புண்ணியத்துக்கு மற்றவர்கள் வரி கட்டுகிறார்கள்.

2008இன் நான்காம் பதிப்பு இந்தத் தொல்லைகளை ஒரே வீச்சில் நீக்கியது: ஒருமுறை பாலடினானவன் என்றும் பாலடின், வழி தவறினால் சக விசுவாசிகள் பார்த்துக்கொள்வார்கள். 2014இன் ஐந்தாம் பதிப்பு ஒரே நெறிக்குப் பதில் பல சத்தியங்களை வைத்தது. அவற்றில் பழிதீர்க்கும் சத்தியமும் ஒன்று. பெரிய தீமையை அழிக்க எந்த வழியும் ஆகும் என்பது அதன் சாரம். இழப்பதற்கு ஏதுமில்லாத சத்தியத்தை எடுப்பது சுலபம். பழைய விதிகளின் கொடுமையை நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் குழந்தையைக் காக்க ஒன்றை இழக்கத் துணியும் வீரனின் கதை அங்கேதான் கிடைத்தது.

அதே ஐந்தாம் பதிப்பு அதிகம் பேசப்படாத ஒரு நல்ல மாற்றத்தையும் செய்தது. பாலடினின் ஞான உணர்வு இப்போது தேவர், பேய், நடைபிணம் போன்றவற்றை மட்டுமே காட்டும். மனிதனிடமோ கோப்ளினிடமோ உள்ள தீமையைக் காட்டாது. 2020இல், ஓர்க் போன்ற அரக்க இனங்களையும் மற்ற மக்களைப்போல ஒழுக்கத்திலும் பண்பாட்டிலும் பன்முகம் கொண்டவர்களாகவே சித்தரிப்போம் என்று ஆட்டத்தை வெளியிடும் 'விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' நிறுவனமும் அறிவித்தது. ஆகவே இன்றைய பாலடின் வாளை ஓங்குமுன் எதிரே மண்டியிட்டிருப்பவனிடம் நாலு கேள்வி கேட்டாக வேண்டும். பதிலை நம்புவதா வேண்டாமா என்றும் தானே முடிவு செய்ய வேண்டும்.