பாகப்பிரிவினையும் பாலாறும்

குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் காத்து வரும் பொருளுக்கு இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தில் தனி இடம் கிடையாது. இறந்தவர் விட்டுப்போனது தோல் மண்டியானாலும் சுவர்க் கடிகாரமானாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். பங்கு போட்டாக வேண்டும். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று விட்டுச் சென்றவரின் சொத்து 40 கூறாகும்: மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலைக்கு 14, மகளுக்கு 7. கடிகாரத்தை நாற்பதாக உடைக்க முடியாது. மதிப்புப் போட்டு ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணமாகத் தரலாம். இல்லையென்றால் விற்க வேண்டியதுதான். உயில் எழுதியும் தப்ப வழியில்லை. உயில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வாரிசு ஒருவருக்கே கூடுதலாக எழுதி வைத்தால், மற்ற வாரிசுகள் ஒப்பாமல் அது செல்லாது. செல்வம் ஒரே கையில் தேங்கிவிடக்கூடாது என்ற எண்ணம் இந்தக் கணக்கின் ஒவ்வொரு பின்னத்திலும் இருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதித் தோல் வணிகக் குடும்பங்கள் தலைமுறை தாண்டி விட்டுச் சென்றவற்றை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். ஆம்பூர்த் தோல் வணிகர் காக்கா முகம்மது உமர் 1924இல் ஜாமிஆ தாருஸ்ஸலாம் என்ற அரபுக் கல்லூரியை நிறுவினார். அது அமைந்த ஊருக்கு உமராபாத் என்று அவர் பெயரே வழங்குகிறது. அங்கே ஓதி முடித்துப் பட்டம் பெறுகிறவர் தம் பெயரோடு ‘உமரி’ என்று சேர்த்துக்கொள்கிறார். வெளியூரிலிருந்து வந்து ஓதியவரும், நிறுவனரோடு ரத்த உறவில்லாதவரும், அவர் பெயரை ஆயுள் முழுக்கச் சுமக்கிறார்கள். அதைவிட வியப்பு, நிறுவனரின் குடும்பத்தார்கூட அந்தப் பெயரைப் படித்தே பெற வேண்டும். கல்லூரியின் பொதுச் செயலாளராக இருந்த காக்கா சயீத் அகமது உமரியின் பெயரில் ‘காக்கா’ பிறப்பால் வந்தது. ‘உமரி’ ஓதி வந்தது. பங்கு போட்டால் குறையாத குடும்பச் சொத்து இது ஒன்றுதான்.

வேலூரின் பழைய மதரசாவான பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தின் பெயரே, எது நிலைக்கும் என்ற கேள்விக்கு ஒரு விடை. நிலைத்து நிற்கும் நற்செயல்கள் என்று அதற்குப் பொருள். குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில், செல்வமும் பிள்ளைகளும் இவ்வுலக அலங்காரம் என்று கூறப்படும் இடத்தில், அவற்றுக்கு எதிர்நிலையில் வரும் சொல் அது. மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் (1863–1938) தோல் வணிகத்தில் ஈட்டிய பணத்தில் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே வழிப்போக்கர்களுக்காகக் கட்டிய சித்தீக் சராய் அந்த வகையைச் சேர்ந்தது. சொந்த ஊரில் அவர் பெயரால் கல்லூரி எழுந்தது 1965இல்.

ஆனால் பங்கிட வேண்டிய சொத்தைப் பங்கிடாமல் நிறுத்தி வைக்க மனிதனுக்கு உரிமை உண்டா? அப்படிச் சொத்தை நிறுத்தி, பலனை அறத்துக்கு விடும் வக்ஃப் பற்றிய சட்ட விவாதத்தின் மையம் இதுதான். எழுதிக் கொடுத்த பிறகும் உடைமை கொடுத்தவரிடமே இருக்கிறது, பலன் மட்டுமே தானம் என்றார் இமாம் அபூ ஹனீஃபா. உடைமையே இறைவனுக்குப் போய்விடுகிறது, திரும்பப் பெற முடியாது என்றார்கள் அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃபும் முகம்மதும். நிலைத்தது மாணவர்களின் கருத்து. சந்ததிக்கே பலன் போகும்படி எழுதும் குடும்ப வக்ஃப் இன்னும் சிக்கலானது. தருமத்தின் பெயரில் சொத்தைக் குடும்பத்துக்குள் பூட்டி வைப்பது என்று 1894இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளியது. ஜின்னா கொண்டுவந்த 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதை மீண்டும் செல்லுபடியாக்கியது. குடும்பத்தைக் காப்பதும் தருமமே என்பது இஸ்லாத்தின் பார்வை. அந்த வகையில் 1913இன் முடிவு சரியானது. ஆனாலும் உமராபாத்தில் பலன் முன்பின் தெரியாத மாணவனுக்குப் போகிறது. குடும்பத்துக்குள்ளேயே சுற்றும் வக்ஃபை அதற்குச் சமமாக வைக்க முடியாது.

குர்ஆனின் பாகப்பிரிவினை வசனங்கள் (4:11, 12) பங்குகளைச் சொல்லும்போதெல்லாம் ஒரு நிபந்தனையைத் திரும்பத் திரும்ப வைக்கின்றன: மரண சாசனமும் (உயில்) கடனும் தீர்ந்த பிறகே பங்கு. வசனத்தில் சாசனம் முதலில் வந்தாலும், தீர்க்கும்போது கடனே முந்தும் என்பது சட்ட அறிஞர்களின் முடிவு. அடக்கச் செலவு, கடன், சாசனம், அதன் பின்தான் வாரிசுகள். இந்த வரிசையை, இந்தத் தோல் வட்டாரத்தில் ஓடும் பாலாற்றின் கரையில் வைத்துப் பார்த்தால் கனக்கிறது.

உமர் கல்லூரி தொடங்கிய காலத்தில் தென்னிந்தியத் தோல் பெரும்பாலும் ஆவாரம்பட்டைக் குழியில் ஊறியது. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்து, முழுதாகப் பதனிட்ட தோலுக்கு ஊக்கம் கிடைத்ததும் குரோமியத்தால் பதனிடும் முறை பரவியது. செத்த பிராணியின் தோல் பதனிட்டால் தூய்மையாகும் என்பது இஸ்லாமியச் சட்டவியலான ஃபிக்ஹின் விதி. அப்படித் தோலைத் தூய்மையாக்கிய நீர் ஆற்றிலும் கிணற்றிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ பாழானதைப் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்திய மண்ணின் சட்டம் என்று அறிவித்து, ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

இது ஒரு வீட்டின் குற்றமல்ல. ஒரு வட்டாரமே சேர்ந்து ஏற்றிய கடன். இஸ்லாமிய அறநெறியில் இறைவனுக்குப் பட்ட கடன் வேறு, அடியார்களுக்குப் பட்ட கடன் வேறு. தொழுகையில் விட்டதை இறைவன் மன்னிக்கலாம். கிணறு கெட்ட உழவரின் உரிமையை அந்த உழவர்தான் மன்னிக்க வேண்டும். சொத்தை மிஞ்சிய கடனோடு மரணப் படுக்கையில் எழுதிய வக்ஃப், கடன் கொடுத்தவரின் உரிமையைத் தாண்டி நிற்காது என்பதும் அபூ ஹனீஃபாவின் வழிவந்த ஹனஃபி சட்டமே. கல்லூரிக்கு எழுதிக் கொடுத்த புண்ணியத்தைக் காட்டி ஆற்றின் கணக்கை யாரும் தள்ளுபடி செய்துகொள்ள முடியாது. பாலாற்று வழக்கில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் உத்தரவிட்டது.