தோற்ற படையின் வீரன்

போரில் பட்ட வீரனுக்குக் கல் நடுவது பழந்தமிழர் மரபு. தக்க கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. கிடைத்துள்ள நடுகற்கள் பலவற்றில் பெயர் பெற்றிருப்பவன் அரசன் அல்லன். ஊரார் ஆநிரையை மீட்கச் சென்று மாண்ட எளிய மறவனே. இத்தகைய மரபினையுடைய இனம், தன் அண்மைக் காலத்து எளிய வீரன் ஒருவனை மறந்துவிடலாகுமா என்பது நம் சிந்தனைக்குரிய வினாவாகும்.

அவ்வீரன் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்த தமிழ்த் தொழிலாளி ஆவான். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. சிறைப்பட்ட இந்தியப் போர்வீரர்களைக் கொண்டு அவ்வாண்டிலேயே அப்படை தொடங்கப்பெற்றது. ஆயினும் விரைவிற் சீர்குலைந்தது. 1943 சூலைத் திங்களில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து தலைமையேற்ற பின்னர் அது புத்துயிர் பெற்றது. போர்த்தொழில் அறியாத பொதுமக்களும் அதன்பின் பல்லாயிரவராய்ச் சேர்ந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழர்; தோட்டங்களிற் பால்வெட்டி வாழ்ந்தோர் மிகப் பலர்.

விடியுமுன் பிரட்டுக்கு நின்று, கங்காணியின் சொல்லுக்குப் பணிந்து, கத்தியும் வாளியும் ஏந்திப் பழகிய கைகள் துப்பாக்கி ஏந்தின. படையின் ஆணைமொழி இந்துஸ்தானி. ஆணையைப் பொருளறிந்து கேட்பதற்கே அவன் புதுமொழி பயில வேண்டியிருந்தது. யாருடைய விடுதலைக்காகப் போரிடப் புறப்பட்டானோ, அந்த இந்தியாவை மலாயாவிற் பிறந்த இளைஞன் கண்ணாலும் கண்டதில்லை.

இங்கே முதல் ஐயம் எழுகிறது. அனைவரும் நாட்டுப்பற்றினால் மட்டுமே சேர்ந்தனரா? இல்லை. அரிசி அருகி மரவள்ளிக்கிழங்கே உணவாயிருந்த காலம் அது. சயாம் இரயில்பாதைக்கு ஆள் பிடிப்போர் தோட்டந்தோறும் வந்த காலம். பசிக்கு அஞ்சியும், சயாமுக்கு அஞ்சியும் சேர்ந்தோர் உண்டு. ஆனால், தூய நோக்கமொன்றே ஒரு செயலுக்கு மதிப்பளிக்கும் எனின், மாந்தர் செயல்களுள் எத்தனை எஞ்சும்? மழையில் நனையாதிருக்கப் பள்ளிக்கூடத்துள் ஒதுங்கிய சிறுவன் அங்கே கல்வியில் ஆர்வங்கொள்ளுதலும் கூடும். படையிற் சேரத் தூண்டியது ஒன்று. சேர்ந்தபின் உறுதியோடு நிற்கச் செய்தது மற்றொன்று. மனிதனை அளக்கத் தக்கது பின்னதே.

இரண்டாம் ஐயம் இதனினும் கடியது. அப்படையின் துணைவர் சப்பானியர். அதே சப்பானியர்தாம் 415 கிலோமீட்டர் நீளச் சயாம் - பர்மா இரயில்பாதையில் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவரைப் பசிக்கும் காலராவுக்கும் பலிகொடுத்தனர். ஒரே தோட்டத்தில் அண்ணன் இரயில்பாதையில் மடிய, தம்பி அக்கொடியோரின் துணைப்படையில் நின்றிருத்தல் இயலும். இம்முரண்பாட்டை மறைத்து வீரத்தை மட்டும் புகழ்வது உண்மைக்குச் செய்யும் துரோகமாகும்.

எனினும் பொறுப்பு என்பது அதிகாரத்தின் அளவிற்கே அமையும். எவரோடு உடன்படிக்கை செய்வது என்பதைத் தீர்மானித்தோர் தலைவர்கள். அதனை ஆராய்ந்து நிறை காண்பது வரலாற்றின் கடமை. கடைநிலை வீரனுக்கு அத்தீர்மானத்திற் பங்கில்லை. அவனைப் போற்றுவது அவன் துணைவரைப் போற்றுவதாகாது. துணைவரின் கொடுமைக்காக அவனை மறப்பதும் நீதியாகாது. சயாமில் மாண்டவனையும் படையில் நின்றவனையும் ஒரே மூச்சில் நினைக்கும் ஆற்றலே நம் அறிவின் முதிர்ச்சிக்கு அடையாளமாகும்.

மூன்றாவது, தோல்வி. 1944இல் இம்பால் நோக்கிச் சென்ற படை பெருமழையாலும் உணவின்மையாலும் மலேரியாவாலும் சிதைந்து பின்வாங்கியது. எதிரணியில் நின்றோருள்ளும் இந்தியர் இருந்தனர் என்பது அப்போரின் துயரம். 1945இல் சப்பானியர் இரங்கூனைக் கைவிட்டு அகன்றனர். பிரித்தானியர் இன்னும் வந்து சேரவில்லை. ஆள்வோர் இல்லாத அவ்விடைவெளியில், தமிழரான மேஜர் ஜெனரல் லோகநாதனின் தலைமையில் அங்கு விடப்பெற்றிருந்த வீரர்கள் கொள்ளை நிகழாவண்ணம் நகரைக் காத்தனர். வெற்றிக்கு வழியில்லை என்றறிந்த பின்னரும் காவலை விடாது நின்ற அச்செயல், நடுகல் மறவனின் செயலுக்கு எவ்வகையிற் குறைந்தது? அவ்வாண்டின் இறுதியிற் செங்கோட்டையில் நடைபெற்ற விசாரணை இந்தியாவையே எழுச்சியுறச் செய்தது. போர்க்களத்திற் பெறாத பயனை அப்படை தோல்விக்குப் பின் பெற்றது என்பர்.

ஆயினும் அப்பயனில் எளிய வீரனுக்குக் கிடைத்த பங்கு யாது? பலர் தோட்டத்திற்கே திரும்பி மீண்டும் பால்வெட்டினர். சிங்கப்பூரில் 1945 சூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னம், திரும்பி வந்த பிரித்தானியரால் இடித்துத் தள்ளப்பட்டது. அவ்விடத்தைக் குறிக்கும் அடையாளம் 1995இல்தான் எழுந்தது. கிராஞ்சியில், கல்லறை அறியப்படாத நேச நாட்டுப் படையினர் 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சுவர்களிற் பொறிக்கப்பெற்றுள்ளன. வென்றவர் தம் வீரரை எழுதி வைத்தனர், அது குற்றமன்று. நம்மவரை எழுதாது விட்டது நம் குற்றமே.

மலாக்காவில் செங் வட்டாரத்து இரப்பர்க் காடுகள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. மரங்கள் நின்ற இடம் மறைந்தபின் மனிதர் நின்ற இடத்தை யார் காட்டுவர்? கல் நடுவதற்குச் செல்வம் வேண்டும். பெயரை எழுதி வைப்பதற்கு ஒரு குறிப்பேடும் கேட்கும் செவியும் போதும். ஒவ்வொரு தமிழ் மாணவனும் தன் குடும்பத்து முதியோரை அணுகி, "நம்மவருள் படைக்குச் சென்றவர் யார்? சயாமுக்குச் சென்றவர் யார்?" எனக் கேட்டு எழுதட்டும். இரு பெயர்களும் ஒரே ஏட்டில் இடம்பெறட்டும். அந்த ஏடே நம் காலத்து நடுகல்.