நோன்பும் பாரணையும்

சில வாரங்கள் உணவைக் குறைப்பது, அடுத்த சில வாரங்கள் எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் அளவுக்குச் சாப்பிடுவது, இரண்டு காலத்திலும் உடற்பயிற்சியை விடாமல் செய்வது. எடை குறைக்க விரும்பும் பெண்கள் பலர் இந்த முறையைக் கைக்கொள்கிறார்கள். இதில் ஓர் அறக்கேள்வியும் இருக்கிறது: வயிறார உண்ணும் வாரங்கள் கட்டுப்பாட்டின் ஒரு பகுதியா, கட்டுப்பாடு குலைந்ததன் அடையாளமா?

ஆண்டாளின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அவர் பாடிய திருப்பாவை காட்டும் பாவை நோன்பில் பெண்கள் விடியலில் நீராடுகிறார்கள். நெய்யையும் பாலையும் விலக்குகிறார்கள். மையும் பூவும்கூட வேண்டாம் என்கிறார்கள். இருபத்தேழாம் பாசுரத்தில் விலக்கியவை அனைத்தும் திரும்பி வருகின்றன. நகையும் புத்தாடையும் அணிந்து, நெய் பெருகும் பால்சோற்றை எல்லாரும் கூடி உண்கிறார்கள். மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லியாகக் கொண்டாடப்படுவதும், அன்று அக்காரவடிசல் படைக்கப்படுவதும் இதனால்தான். அந்த உணவை யாரும் நோன்பின் முறிவாகக் கருதுவதில்லை. நோன்பு நிறைவேறியதே அதில்தான்.

ஏகாதசி விரதத்தில் உண்டு முடிக்கும் இந்த முறை இன்னும் கண்டிப்பானது. தசமியன்று ஒருவேளை உணவு, ஏகாதசியன்று பட்டினி, துவாதசியன்று அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் சேர்த்து, விரதத்தை முடிக்கும் உணவான பாரணை. குறித்த நேரத்துக்குள் பாரணை செய்யாவிட்டால் விரதம் முழுமை பெறாது என்பது விதி. உண்ணாமை போலவே உண்பதும் இங்கே கடமை. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயமும் மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது.

உடலின் போக்கும் இப்படி இடைவிட்டு உண்பதற்கு இடம் தருகிறது. உணவு நெடுநாள் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. நிறைவைத் தெரிவிக்கும் லெப்டின் குறைகிறது. ஓய்வில் செலவாகும் ஆற்றலும் இறங்குகிறது. பெண்களுக்குக் குறைவு கடுமையாகித் தொடர்ந்தால் மாதவிடாய் தடைபடலாம், எலும்பும் வலு இழக்கலாம். 2017இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், இரண்டு வாரம் உணவைக் குறைத்து இரண்டு வாரம் அந்தக் குறைப்பை நிறுத்திய ஆண்கள், தொடர்ந்து குறைத்தவர்களைவிடக் கூடுதலாக எடை இழந்தனர். ஆனால் எடைப்பயிற்சி செய்யும் பெண்களிடம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வில் உடலமைப்பிலோ ஆற்றல் செலவிலோ அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. ஆகவே உணவுக் குறைப்புக்கு விடும் இடைவேளை கொழுப்பை விரைவாகக் கரைக்கும் என்று பெண்களுக்கு வாக்களிப்பது நேர்மையாகாது. இடைவேளை எடுத்ததால் பலன் கெடவும் இல்லை என்பதே அந்த ஆய்வு தரும் ஆறுதல். நெடுநாள் தாக்குப்பிடிக்க வேண்டியவர்களுக்கு அது சிறிய விஷயமல்ல.

உடற்பயிற்சியின் வேலை வேறு. உணவு குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். எடை தூக்குவது போன்ற பயிற்சி தசையைக் காக்கிறது. இராஜபாளையம் பஞ்சாலைகளில் ஷிப்ட் முழுக்க எந்திரங்களுக்கிடையே நடக்கும் பெண்ணுக்கு நடை போதிய அளவு இருக்கிறது. அவளுக்குக் குறைவது ஓய்வும் பருப்பு, முட்டை போன்ற புரத உணவும். நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை பார்ப்பவளின் தேவை வேறு. இருவருக்கும் ஒரே பட்டியலைக் கொடுப்பது அநீதி.

நோன்பையும் டயட்டையும் ஒன்றென்று சொல்லிவிடவும் முடியாது. பாவை நோன்பின் பலனாக முதலில் வேண்டப்படுவது நாட்டுக்கு மழை. பெண்களின் உடல் அங்கே குற்றவாளியாக நிற்பதில்லை. டயட்டிலோ, பல பெண்கள் தங்கள் உடலுக்கே தண்டனை விதிக்கிறார்கள். அந்த மனநிலையில் ஒரு துண்டு பால்கோவாகூடப் பாவமாகிறது. பாவ உணர்ச்சி மீண்டும் பட்டினிக்கோ கட்டுமீறிய உணவுக்கோ தள்ளுகிறது. குறைப்பதையும் நிலைநிறுத்துவதையும் மாற்றி மாற்றிச் செய்யும் முறையின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. சங்கற்பம் செய்யும்போதே பாரணை நாள் தெரிந்திருப்பது போல, குறைக்கும் காலம் முடியும் நாளையும் அதன்பின் உண்ணும் அளவையும் முன்கூட்டியே குறித்துக்கொண்டால், அந்த உணவு தோல்வியாகத் தோன்றாது.

நோயாளிகளையும் கருவுற்றவர்களையும் முதியோரையும் கடும் விரதத்திலிருந்து விலக்கி வைப்பது வழக்கம். அதே விலக்கு இங்கும் பொருந்தும்: கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும், உணவு தொடர்பான மனநோய்க்கு ஆளானவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது.