ஊழுக்கு எத்தனை பி.எஸ்.ஐ.?

ஞாயிற்றுக்கிழமை கூம்பு நட்ட பாதையில் ஆட்டோகிராஸ் ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை என் கடைக்கு வரும் பையன்கள் சொல்கிற குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, வண்டி திரும்பவே மாட்டேங்குதுங்க." ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தாகிவிட்டது, வண்டி மட்டும் நேராகப் போய்க் கூம்பைத் தூக்கி எறிகிறது. அண்டர்ஸ்டியர். காரணத்தையும் அவர்களே கையோடு கொண்டுவருவார்கள். மண் சரியில்லை, டயர் பழசு, சீட்டில் வந்த நம்பர் கடைசி, சனி எட்டில் நிற்கிறார். கோயம்புத்தூரில் வீல் அலைன்மெண்ட் பார்த்துப் பிழைக்கிறவன் நான். சனி பகவானைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் எனக்கில்லை. இருந்தாலும் பேசுவேன். தனக்கே தெரியாமல் அந்தப் பையன் கேட்பது பழைய கேள்வி: நடந்ததில் என் பங்கு எவ்வளவு, எனக்கு முன்பே முடிவாகிவிட்டது எவ்வளவு?

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பழைய மாருதி 800-க்குக் காத்து அடிக்க வருவார், அடித்து முடித்த பிறகு அரை மணி நேரம் உட்காருவார். அவரிடம் கேட்டேன். "வள்ளுவர்கிட்டயே இதுக்கு ரெண்டு பதில் இருக்குது தம்பி" என்றார். அறத்துப்பாலின் கடைசி அதிகாரமான 38-ஆவது அதிகாரம் ஊழ். ஊழைவிட வலியது எது, அதை விலக்க வேறு வழி தேடினாலும் அங்கேயும் அதுவே முந்தி நிற்கும் என்று அந்த அதிகாரம் முடிகிறது. பொருட்பாலில் 62-ஆவது அதிகாரம் ஆள்வினையுடைமை. தளராமல் முயல்கிறவர் ஊழையே புறங்காண்பார் என்று அது முடிகிறது. நடுவில் 23 அதிகாரம். அதற்குள் மனசை மாற்றிக்கொண்டாரா? ஐயா ஏதேதோ சமாதானம் சொன்னார். எனக்கு ஒட்டவில்லை. ஊழும் முயற்சியும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் முட்டிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வதால்தான் சமாதானமே தேவைப்படுகிறது என்று எனக்குப் பட்டது. அப்படிப் பட்டது புத்தகத்தால் அல்ல, மைதானத்தால்.

செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் ரேஸ் டிராக்கே இருக்கிற ஊர் எங்களுடையது. ஆட்டோகிராஸுக்கு அதெல்லாம் வேண்டாம், உழாமல் கிடக்கிற காடு ஒன்று போதும். அமெரிக்காவில் இதையே வாகன நிறுத்துமிடங்களிலும் பழைய விமான ஓடுதளங்களிலும் தார்த்தரைமேல் நடத்துகிறார்கள், தட்டிய ஒவ்வொரு கூம்புக்கும் 2 வினாடி கூட்டுகிறார்கள். நம் பக்கம் பெரும்பாலும் மண். எங்கே நடந்தாலும் போட்டி கடிகாரத்தோடுதான். இடித்தான், மறித்தான் என்று பக்கத்து வண்டிக்காரனைக் குறை சொல்ல வழியில்லை. அதனாலேயே இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்க்க இதைவிடச் சுத்தமான இடம் எனக்குத் தெரியாது.

முதலில் டயர். ஒரு டயருக்குத் தரையோடு உள்ள பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி: ஒரே தொகை, செலவு மட்டும் பல. பிரேக் அதிலிருந்துதான் எடுக்கிறது, திருப்பமும் அதிலிருந்துதான் எடுக்கிறது, முன்சக்கரம் இழுக்கிற வண்டியானால் ஆக்சிலேட்டரும் அதிலிருந்துதான். பையன் வளைவுக்குள் பிரேக்கை அழுத்திக்கொண்டே நுழைகிறான், ஸ்டியரிங்கை ஒடிக்கிறான். சம்பளம் தீர்ந்துவிட்டது. வண்டி நேராகப் போகிறது. உடனே என்ன செய்கிறான்? இன்னும் ஒடிக்கிறான். டயர் பார்க்கிற திசைக்கும் அது உண்மையில் போகிற திசைக்கும் நடுவே ஒரு கோணம் உண்டு. காய்ந்த தாரில் சாதாரண டயருக்கு ஆறிலிருந்து பத்து டிகிரிக்குள் எங்கோ பிடிமானம் உச்சத்தைத் தொடும். அதற்குமேல் திருப்பினால் பிடிமானம் ஏறாது, குறையும். மண்ணிலே கணக்கு வேறு, ஆனால் அங்கேயும் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் முன்சக்கரம் திரும்புவதை விட்டுவிட்டு உழ ஆரம்பிக்கும்.

நான் நின்று யோசித்த இடம் இதுதான். முயற்சி என்று நாம் சொல்வது, வெளியிலிருந்து பார்த்தால், அந்தப் பையன் ஸ்டியரிங்கோடு போடுகிற மல்லுக்கட்டுதான். தோள் இறுகுகிறது, பல்லைக் கடிக்கிறான். ஆனால் அந்த நொடியில் அவன் முயற்சியே அவனை வளைவுக்கு வெளியே தள்ளுகிறது. செய்ய வேண்டியது ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்குவது, மிதித்திருக்கிற பெடலில் இருந்து காலை லேசாக எடுப்பது. டயர் மறுபடி பிடிக்கும் வரை காத்திருப்பது. அரை வினாடிதான், ஆனால் கூம்பு எதிரே வரும்போது அந்த அரை வினாடி கையைத் தளர்த்தி வைத்திருக்க ஒரு துணிச்சல் வேண்டும். இதை யாராவது சும்மா இருத்தல் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளே உட்கார்ந்து செய்து பார்த்தவனுக்குத் தெரியும், இதைப் போலக் கடினமான வேலை வேறில்லை.

சரி, வளைவுக்கு முன்பே செய்ய என்ன இருக்கிறது? நிறைய. வளைவுக்குள் போகும் வேகத்தை மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 36-க்கு இறக்கினால், வேகத்தின் வர்க்கப்படி, டயரிடம் பக்கவாட்டில் கேட்பது 19 சதவீதம் குறைந்துவிடும். பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து ஐந்தில் ஒரு பங்கை வாங்குகிற வியாபாரம். அடுத்தது பிரேக்கை விடுகிற விதம். ஓட்டுநரோடு சேர்த்து 900 கிலோ வண்டி, புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு பிரேக் பிடித்தால், ஏறக்குறைய 90 கிலோ எடை பின் அச்சிலிருந்து முன் அச்சுக்கு வந்து உட்காரும். பிரேக்கை டப்பென்று விட்டால் அந்த 90 கிலோவும் திரும்பிப் போய்விடும், அதுவும் முன்சக்கரத்துக்கு அது தேவைப்படுகிற சரியான நேரத்தில். ஸ்டியரிங் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பிரேக்கைக் குறைத்துக்கொண்டே உள்ளே போகிறவனுக்கு வண்டி மூக்கை உள்ளே வைக்கும். 1960-களில் சாப், மினி வண்டிகளில் ராலி ஓடிய வட ஐரோப்பியர்கள் வலது காலை ஆக்சிலேட்டரிலேயே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக்கைத் தொட்டு, முன்சக்கர வண்டியின் பின்பக்கத்தைச் சுழலவிட்டார்கள். மண்ணில் இன்றைக்கும் அதுதான் வித்தை. பழகாதவன் இடது காலை வைத்தால் கிளச் மிதிக்கிற பலத்தில் மிதித்து, மூக்கைக் கண்ணாடியில் இடித்துக்கொள்வான்.

இதெல்லாம் கையும் காலும் செய்வது. என் கடையில் நடப்பது வேறு. வண்டியை மேலே ஏற்றி, முன்சக்கரத்தின் தலையை உட்பக்கம் சாய்த்துக் கேம்பர் கூட்டலாம். டோ-வை, அதாவது முன்சக்கரங்களின் மூக்கை, கொஞ்சம் வெளியே திறக்கலாம். பின் டயரில் காத்தை ஏற்றலாம். பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற ஸ்டேபிலைசர் பாரைத் தடிமனாக்கலாம். 20 மில்லிமீட்டர் கம்பி 22 ஆனால் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும். பார் விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. டயர்மேல் எடை இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்காகாது, கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். ஆகவே ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களில் ஒன்று அதிகம் சுமந்து மற்றது வெறுமனே தொங்கினால் ஜோடிக்கு நஷ்டம். பின் பாரை விறைப்பாக்கும்போது வளைவில் அந்த நஷ்டத்தைப் பின் ஜோடியின் தலையில் கட்டுகிறோம், முன் ஜோடி தப்பிக்கிறது. வண்டி உள் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வளைகிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இல்லாததைப் புதிதாகக் கொண்டுவந்து வைக்கவில்லை, பின்னால் இருந்ததைப் பிடுங்கியிருக்கிறோம். சமநிலை என்று மரியாதையாகச் சொல்கிறோம்.

இந்த வேலையெல்லாம் சனிக்கிழமை. ஞாயிறு காலை கொடி விழுந்த பிறகு பாரும் இல்லை, கேம்பரும் இல்லை. சனிக்கிழமை முயற்சியாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஊழாகிவிட்டது. வள்ளுவரின் இரண்டு அதிகாரமும் முட்டிக்கொள்வதாக எனக்கு இப்போது தோன்றாததற்குக் காரணம் இதுதான். ஐயாவிடம் சொன்னேன். "யோகவாசிட்டத்துல வசிட்டர் இராமனுக்குச் சொல்றதும் இதைத்தான்" என்றார். தெய்வம், விதி என்பதெல்லாம் நாம் முன்பு செய்த முயற்சியே தவிர வேறில்லை, பழைய முயற்சியும் புதிய முயற்சியும் இரண்டு கிடாய்களாக மோதும், பலமுள்ளது வெல்லும் என்பது அந்த நூலின் வாதம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரைசிப்பஸ் என்ற கிரேக்க ஸ்டோயிக் தத்துவவாதி இன்னொரு பக்கமாக வந்திருக்கிறார். உருளையையும் கூம்பு வடிவப் பம்பரத்தையும் ஒருவன் தள்ளிவிடுகிறான். தள்ளியது அவன், ஆனால் உருளை உருளையாக ஓடுவதும் பம்பரம் பம்பரமாகச் சுற்றுவதும் அதனதன் வடிவத்தால். ஆகவே எல்லாம் விதிப்படி நடந்தாலும் ஓட்டம் உன்னுடையதே என்கிறார். நல்ல வாதம்தான். ஆனால் வடிவத்தை யார் கொடுத்தது? என் கடையில் இரண்டு போல்ட்டைத் தளர்த்தினால் வடிவம் மாறிவிடுகிறதே.

வசிட்டரிடம்தான் எனக்கு வழக்கு. ஒரே வண்டியை இரண்டு பேர் ஓட்டுவது இந்தப் போட்டியில் சாதாரணம். என்னிடம் வருகிற அண்ணன் தங்கை இருவர் அப்படித்தான். அண்ணன் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்து, வளைவில் கத்துகிற முன்சக்கரத்தோடு சண்டை போடுகிற ரகம். கையை மாற்றிக்கொள்ள மனசில்லை, பாரை மாற்றச் சொன்னான். மாற்றினோம், பின் டயரிலும் காத்தை ஏற்றினோம். அவனுக்கு வண்டி திரும்பியது. தங்கை அப்படியில்லை. பிரேக்கை அளந்து விடுவாள், எடையை முன்னால் வைத்துக்கொண்டே உள்ளே போவாள். அவளுக்கு அந்தப் பார் தேவையே இல்லை. மூன்றாவது வளைவில் வண்டியின் பின்பக்கம் முன்னால் வந்து நின்றது. இறங்கி வந்து, "அவன் செஞ்ச வினைக்கு நான் சுத்தறேனுங்க" என்றாள். இரண்டு ஓட்டத்துக்கு நடுவே கிடைத்த நேரத்தில் பாரைக் கழற்ற முடியாது. பின் டயரில் காத்தை நாலு பி.எஸ்.ஐ. இறக்கினோம். அடுத்த ஓட்டத்தில் வண்டி சுற்றவில்லை. ஆனால் முழுசாக அவள் வண்டியாகவும் இல்லை.

அவள் முன்பு செய்தது என்று அந்தப் பாரில் எதுவும் இல்லை. முற்பிறவியைக் கூப்பிட்டால் கணக்கை நேர் செய்துவிடலாம் என்று ஐயா சொல்லிப் பார்த்தார். போன சனிக்கிழமை யார் ஸ்பேனர் பிடித்தார் என்று தெரிந்திருக்கிறபோது முற்பிறவி வரைக்கும் எதற்குப் போவது? இராமனுக்குச் சொன்னபோது வசிட்டர் ஓர் ஆளுக்கு ஒரு வண்டி என்று கணக்குப் போட்டிருக்கிறார். வீட்டிலும் ஊரிலும் பெரும்பாலான வண்டிகளை இரண்டு பேராவது ஓட்டுகிறார்கள். ஒருவர் தன் கைக்குத் தோதாகத் திருகிவைத்தது இன்னொருவருக்குப் பிறவிக்குணம் போல வந்து சேருகிறது. அதை ஊழ் என்று சொல்லி மேலே கையைக் காட்டினால் ஸ்பேனர் பிடித்தவன் தப்பித்துக்கொள்கிறான்.

இப்போதெல்லாம் இருவர் ஓட்டுகிற வண்டி வந்தால், இருவரும் வந்து நின்றால்தான் பின் பாரில் கை வைக்கிறேன். அதற்கு முன்னால் இருவரையும் ஒரு நாள், வளைவுக்கு முன்கூட்டியே பிரேக் பிடித்து, ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். அண்ணன்மார்களுக்கு இது பிடிப்பதில்லை. ஒன்றிரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.