சீதை என்று அழைக்கலாமா?

மிதிலைப் பகுதியில், தர்பங்கா நகரில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். பெண் குழந்தை பிறந்து ஐந்து நாட்கள் ஆகியிருக்கின்றன. மறுநாள் ஆறாம் நாள் பூஜை. வீட்டின் மூத்தவளான கொள்ளுப்பாட்டி தொட்டிலை எட்டிப் பார்க்கும்போதெல்லாம், 'சீதை வந்திருக்கிறாள்' என்கிறாள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் குழந்தையின் தாய்க்கு நெஞ்சு பதைக்கிறது. மாமியார் முன்னிலையிலும் கணவன் முன்னிலையிலும் பேசாமல் இருந்தவள், கடைசியில் பாட்டியிடம் மட்டும் மனம் திறக்கிறாள்: "பாட்டி, சீதை நம் தெய்வம். அவளை நாள்தோறும் வணங்குகிறேன். ஆனால் அவள் பட்ட பாடு என் மகள் படவேண்டாம். வைதேகி என்று வைப்போமே, ஜானகி என்று வைப்போமே. அவையும் அவளுடைய பெயர்கள்தாமே?"

இந்த அச்சம் அந்த ஒரு தாய்க்கு மட்டும் உரியதன்று. மார்கசீர்ஷ மாதத்து சுக்ல பஞ்சமியை 'விவாஹ பஞ்சமி' என்று மிதிலை மக்கள் கொண்டாடுகிறார்கள். சீதா கல்யாணம் நிகழ்ந்த திருநாள் அது. இன்று நேபாளத்தில் உள்ள ஜனக்பூரில் அன்று பெரும் விழா நடைபெறுகிறது. ஆயினும், தங்கள் வீட்டுப் பெண்களின் திருமணத்தை அந்த நாளில் வைத்துக்கொள்ளப் பல மைதிலக் குடும்பங்கள் தயங்குகின்றன. தெய்வத்தின் திருமணத்துக்குப் பூமாலை சுமந்து செல்லும் கைகள், தம் மகளின் திருமணத்துக்கு அந்த நாளைக் குறிக்க நடுங்குகின்றன. பிறந்த வீட்டார் அல்லவா? பல்லாயிரம் ஆண்டுகள் ஆனாலும், 'எங்கள் பெண் போன இடத்தில் துன்பப்பட்டாள்' என்ற வேதனை அவர்களை விட்டு நீங்கவில்லை. இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது.

எனினும் தாயின் வேண்டுகோளைச் சற்று ஆராய வேண்டியிருக்கிறது. ஜானகி காட்டுக்குப் போகவில்லையா? வைதேகியை இராவணன் கவர்ந்து செல்லவில்லையா? அசோகவனத்தில் அரக்கியர் நடுவே பத்து மாதங்களுக்கு மேல் இருந்தவள் மைதிலி அல்லவா? துன்பம் பெயரைத் தொற்றிக்கொண்டு வரும் என்றால், சீதையின் மறுபெயர்கள் அனைத்தையும் அது தொற்றியிருக்க வேண்டும். களிமண்ணைக் குடம் என்றாலும் சட்டி என்றாலும் மண் மண்ணே என்று உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு உபதேசிக்கிறார். பெயரை மாற்றிவிட்டதால் பொருள் மாறிவிட்டது என்று நினைப்பது மனத்துக்கு ஓர் ஆறுதல் தரும். அதற்கு மேல் ஒன்றும் தராது.

சாஸ்திரம் என்ன சொல்கிறது?

இத்தகைய வேளையில் வீட்டுப் பெரியவர்கள் சாஸ்திரத்தைக் கேட்பது வழக்கம். சுக்ல யஜுர்வேதத்தைச் சார்ந்த பாரஸ்கர கிருஹ்ய சூத்திரம், பத்தாம் நாளில் தந்தை பெயர் சூட்ட வேண்டும் என்கிறது. பெண்ணின் பெயர் ஒற்றைப்படை எழுத்துகளைக் கொண்டிருக்க வேண்டும்; 'ஆ' என்று முடிய வேண்டும்; மற்றொரு பெயரிலிருந்து பிறந்த 'தத்தித' வடிவமாக இருக்க வேண்டும். இந்த விதியை வைத்துப் பார்த்தால் வேடிக்கையான முடிவு கிடைக்கிறது. சீதா என்பது 'ஆ' என்று முடிகிறது. ஆனால் இரண்டே எழுத்து, தத்திதமும் அன்று. ஜானகி மூன்றெழுத்து, தத்திதமும்கூட. ஆனால் 'ஈ' என்று முடிகிறது. ஆக, பாட்டியும் தோற்றாள், தாயும் தோற்றாள்!

மனு ஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் இன்னும் இணக்கமாகப் பேசுகிறது. பெண்களின் பெயர் எளிதாக உச்சரிக்கத் தக்கதாகவும், கடுமையற்றதாகவும், பொருள் தெளிவானதாகவும், மனத்துக்கு இனியதாகவும், மங்களமானதாகவும், வாழ்த்தைத் தன்னுள் கொண்டதாகவும் இருக்கட்டும் என்கிறது. ஆனால் அதே நூலின் மூன்றாம் அத்தியாயம் நட்சத்திரம், மரம், நதி, மலை, பறவை ஆகியவற்றின் பெயர் கொண்ட பெண்ணை மணக்கலாகாது என்று விதிக்கிறது. பாரதம் இதைக் கேட்டதா? கங்கை என்றும் யமுனை என்றும் துளசி என்றும் ரோகிணி என்றும் ரேவதி என்றும் வீடுதோறும் பெயர் வைத்தார்கள். அப்பெண்களுக்குத் திருமணமும் செய்துவைத்தார்கள். எந்த விதியை ஏற்பது, எதை விட்டுவிடுவது என்பதில் நம் பாட்டிமார்களுக்கு ஒரு தெளிவு இருந்திருக்கிறது.

இன்றைய அரசாங்கமும் இவ்விஷயத்தில் பொறுமையாகவே இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பெயரில்லாமலே குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். எனவே தர்பங்கா வீட்டார் அவசரப்பட வேண்டியதில்லை.

அவளுக்கே உரிய பெயர்

மறுபெயர் தேடும்போது பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஜானகி என்றால் ஜனகனின் மகள். வைதேகி விதேக நாட்டவள். மைதிலி மிதிலைக்கு உரியவள். நம் இதிகாசப் பெண்கள் பலரின் பெயர்கள் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. துருபதனின் மகள் திரௌபதி. காந்தார நாட்டவள் காந்தாரி. கேகய நாட்டவள் கைகேயி. குந்திக்குப் பெற்றோர் வைத்த பெயர் பிருதை; வளர்த்த குந்திபோஜனின் பெயரே உலகில் நிலைத்துவிட்டது. உபநிஷதத்தில் வரும் கார்கி கர்க்க குலத்தவள்; வாசக்னவி என்பதோ வசக்னுவின் மகள் என்று பொருள்படும். அத்தனை பெரிய அறிஞர் சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்ட அந்தப் பெண்மணியைத் தொட்டிலில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போய்விட்டது.

சீதை என்ற பெயர் அப்படிப்பட்டதன்று. சீதை என்றால் உழுசால். ஏர்முனை நிலத்தில் கீறிச் செல்லும் கோடு. ரிக்வேதத்தின் நான்காம் மண்டலத்தில் வயலைப் போற்றும் சூக்தம் உழுசாலைச் சீதை என்றே அழைத்து வணங்குகிறது. வேள்வி நிலத்தை உழும்போது கலப்பையின் வழியில் கிடைத்ததால் அவளுக்கு அந்தப் பெயர் என்று வால்மீகியின் ஜனகர் விசுவாமித்திரரிடம் சொல்கிறார். தந்தையைச் சொல்லாமல், கணவனைச் சொல்லாமல், நாட்டைச் சொல்லாமல், அவள் மண்ணிலிருந்து வந்தவள் என்று மட்டும் சொல்லும் பெயர் இது ஒன்றுதான். அச்சத்தின் காரணமாகத் தாய் விலக்க நினைப்பது, அவளுக்கே சொந்தமான அந்த ஒரு பெயரை!

துன்பத்தைப் பற்றியும் ஒரு சொல். சீதையின் கதையில் துயரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் துயரத்தின் நடுவே நின்றவள் யார்? காட்டுக்கு வரவேண்டாம் என்று இராமன் தடுத்தபோது, அவனோடு வாதிட்டு, கடுஞ்சொல்லும் சொல்லி, தன் முடிவை நிலைநாட்டியவள். அனுமன் தன் தோளில் ஏற்றிச் செல்வதாகச் சொன்னபோது மறுத்தவள். போர் முடிந்தபின், அவளைத் துன்புறுத்திய அரக்கியரைக் கொல்ல அனுமன் அனுமதி கேட்கிறான். பிழை செய்யாதவர் யார் என்று கேட்டு, அவர்களைக் காப்பாற்றுகிறாள். வால்மீகி தம் காவியத்தைச் சீதையின் மகத்தான சரிதம் என்றும் குறிப்பிட்டது காரணமில்லாமல் அன்று.

துயரம் தீண்டாத பெயர்தான் வேண்டும் என்றால் எதைத்தான் வைப்பது? ராதைக்குப் பிரிவு. தேவகிக்குச் சிறை. தமயந்திக்குக் காட்டில் தனிமை. சாவித்திரிக்கு ஓராண்டில் கணவனை இழக்கும் விதி. சீதையின் தங்கை ஊர்மிளையோ காட்டுக்கும் போகவில்லை, அரண்மனையிலும் நிம்மதியாக இருக்கவில்லை.

ஜனகரின் சபையில் ஒரு கேள்வி

மிதிலை சீதைக்கு மட்டும் பிறந்த வீடு அன்று. பிரம்ம வித்தைக்கும் அது ஒரு வீடு. பிருஹதாரண்யக உபநிஷதத்தின் மூன்றாம் அத்தியாயம் விதேக மன்னர் ஜனகரின் வேள்விச் சபையில் நடக்கிறது. அங்கே ஆர்த்தபாகர் என்பவர் யாக்ஞவல்கியரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: மனிதன் இறக்கும்போது அவனை விட்டு நீங்காதது எது? பெயர் என்று யாக்ஞவல்கியர் விடையளிக்கிறார். பெயருக்கு முடிவில்லை என்றும் சொல்கிறார்.

இத்துடன் நிறுத்தியிருந்தால் தாயின் அச்சம் சரியென்று தோன்றும். ஆனால் ஆர்த்தபாகர் விடவில்லை. உடலின் பகுதிகள் எல்லாம் ஐம்பூதங்களில் கலந்தபின் அந்த மனிதன் எங்கே இருக்கிறான் என்று கேட்கிறார். 'இது சபையில் பேசத் தக்கதன்று' என்று சொல்லி யாக்ஞவல்கியர் அவர் கையைப் பற்றித் தனியே அழைத்துச் செல்கிறார். அங்கே அவர்கள் பேசியது கர்மத்தைப் பற்றி என்று உபநிஷதம் தெரிவிக்கிறது. நற்செயலால் நல்லவனாகிறான், தீச்செயலால் தீயவனாகிறான். உலகில் எஞ்சுவது பெயர். ஆனால் மனிதனை ஆக்குவது செயல். சபையினர் பெயரோடு நின்றுவிட்டார்கள். ஆர்த்தபாகர் தனியே சென்று மீதியையும் கேட்டுக்கொண்டார்.

இதே உபநிஷதத்தின் ஆறாம் அத்தியாயம், 'கற்றறிந்த மகள் பிறக்க வேண்டும்' என்று விரும்பும் தம்பதியருக்கு எள் சேர்த்துச் சமைத்த சோற்றை நெய்யுடன் உண்ணுமாறு வழி சொல்கிறது. பிற்கால உரை அந்தக் கல்வியை இல்லற விஷயங்களுக்குள் சுருக்கியது. மூலத்தில் அந்தச் சுருக்கம் இல்லை. மகளுக்காக நம் முன்னோர் எதை விரும்பினார்கள் என்பதற்கு அந்தச் சிறு வாக்கியம் ஒரு சான்று.

பெயரால் ஒன்றும் ஆகாது என்று இதனால் முடிவு கட்டிவிடவும் கூடாது. மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், மகன் பிறப்பான் என்று காத்திருந்து மகள் பிறந்த வீடுகளில், அவளுக்கு 'நகூசா' என்று பெயர் வைத்துவிடுவார்கள். 'வேண்டாதவள்' என்பது பொருள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 'வேண்டாம்' என்றும் 'போதும்பொண்ணு' என்றும் பெயர் பெற்ற பெண்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அம்மாவட்டத்தில் ஒரு விழா நடத்தி, 285 சிறுமிகளுக்கு மாற்றுப் பெயர் சூட்டினார்கள். சிலர் திரை நடிகைகளின் பெயர்களை விரும்பினார்கள்; சிலர் சாவித்திரி போன்ற பெயர்களை ஏற்றார்கள். வேண்டாதவள் என்று தினமும் கூப்பிடக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சாவித்திரியின் கதையில் எமன் வருவது பெரிய அச்சமாகத் தோன்றியிராது.

தர்பங்கா தாயின் மறுப்புக்கும் சாத்தாரா தந்தையின் அலட்சியத்துக்கும் வெகுதூரம் உண்டு. ஒருத்தி மகளைக் காக்க நினைத்துப் பெயரைத் தேடுகிறாள். மற்றவன் தன் ஏமாற்றத்தை மகளின் தலையில் பெயராக ஏற்றிவிட்டான். அந்தத் தாயிடம் அன்பு குறைவில்லை. அன்பின் மேல் அச்சம் படிந்திருக்கிறது, அவ்வளவே.

அச்சமே இல்லாமல், அன்பினால் மட்டும் ஒரு பெயர் மாற்றப்பட்ட வீடும் உண்டு. வங்காளத்தின் ஜெயராம்பாடி கிராமத்தில், 1853-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், ராமசந்திர முகோபாத்யாயருக்கும் சியாமாசுந்தரி தேவிக்கும் ஒரு மகள் பிறந்தாள். தாய் அவளுக்கு க்ஷேமங்கரி என்று பெயரிட்டார். நலம் செய்பவள் என்று பொருள், துர்க்கையின் திருநாமம். சாஸ்திரம் கேட்ட மங்களமும் வாழ்த்தும் அதில் நிறைந்திருந்தன. ஆனால் சியாமாசுந்தரியின் சகோதரி ஒருவர், சாரதா என்ற தம் மகளை அண்மையில் பறிகொடுத்திருந்தார். 'உன் மகளுக்குச் சாரதா என்று பெயர் வை. என் மகளே திரும்பி வந்துவிட்டாள் என்று இவளைப் பார்த்து மனம் தேறுவேன்' என்று அவர் கேட்டுக்கொண்டார். சியாமாசுந்தரி இணங்கினார்.

சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. இறந்துபோன குழந்தையின் பெயரைத் தன் குழந்தைக்கு வைக்க எந்தத் தாய் எளிதில் சம்மதிப்பாள்? 'அபசகுனம்' என்று சொல்ல எத்தனை வாய்கள் இருந்திருக்கும்! சியாமாசுந்தரி தேவியின் கண்ணுக்கு அந்தப் பெயரின் மீது மரணத்தின் நிழல் தெரியவில்லை. சகோதரியின் கண்ணீர்தான் தெரிந்தது. க்ஷேமங்கரி என்ற மங்களப் பெயரை விட்டுக்கொடுத்து, ஒரு துயரப் பெயரை ஏற்றார். பின்னாளில் ஸ்ரீராமகிருஷ்ணர் அதே பெயரின் பொருளை எடுத்துக்கொண்டு, 'அவள் சாரதை, சரஸ்வதி. ஞானம் தர வந்தவள்' என்னும் கருத்தில் பேசினார்.

சீதையும் இந்த வரலாற்றில் ஓரிடத்தில் வருகிறாள். தட்சிணேசுவரத்துப் பஞ்சவடியில், பட்டப்பகலில், விழித்த கண்களோடு ஸ்ரீராமகிருஷ்ணர் சீதா தேவியின் தரிசனம் பெற்றார். அவள் அணிந்திருந்த வளையல்களின் வேலைப்பாடு அவர் நினைவில் தங்கியது. பிற்காலத்தில் அதே போன்ற பொன் வளையல்களைச் சாரதாதேவிக்குச் செய்து அணிவித்தார். சீதையின் சாயல் தன்னைச் சேர்ந்தவள்மீது விழுவதைப் பற்றி அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

தர்பங்கா வீட்டுக் கொள்ளுப்பாட்டி, பேத்தி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்வாள்? "வைதேகி என்றே வை, அம்மா. அழகான பெயர்தான். பயந்துகொண்டு மட்டும் வைக்காதே. நீ பயந்து வைத்தால், பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பயம் உனக்கு ஞாபகம் வரும்" என்று சொல்லக்கூடும். அதன்பின் தொட்டிலருகே போய், யாருக்கும் கேட்காதபடி தன் விருப்பப் பெயரைச் சொல்லிக் குழந்தையைக் கூப்பிடவும் கூடும். அதை யார் தடுக்க முடியும்?

ஜெயராம்பாடியில் அந்தச் சகோதரி எத்தனை நாள் தங்கினார், எத்தனை முறை 'சாரதா' என்று அழைத்து மனம் குளிர்ந்தார் என்பதெல்லாம் எழுதப்படவில்லை. க்ஷேமங்கரி என்று அந்தக் குழந்தையை அதன்பின் யாரும் அழைக்கவில்லை. சாரதா என்ற பெயரையும் கூடக் காலப்போக்கில் மிகச் சிலரே சொல்லி அழைத்தனர். வாசலில் வந்து நின்ற பக்தரும், கூலிக்காரரும், கைதேர்ந்த கொள்ளைக்காரரும் அவரை 'அம்மா' என்றே அழைத்தார்கள்.