கழிமுகத்துக் கடன்

மிங்கலாடோன் விமான நிலையத்தில் இறங்குவதற்குச் சற்று முன்னர், சன்னலோரத்தில் இருப்பவருக்குக் கீழே வயல்கள் தெரியும். கோடு போட்டுப் பிரித்தாற்போல வரப்புகள், வாய்க்கால்கள், இடையிடையே ஒரு தோப்பு, பொன் பூசிய ஒரு பகோடா. 2014 செப்டெம்பரில் மழைக்காலத்து நெற்பயிரைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, "இயற்கை என்றால் இதுவல்லவா!" என்று எங்களில் ஒருவர் வியந்தார். மற்றவர்களும் தலையாட்டினோம். குளிர்நாட்டிலிருந்து போனவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தப் பச்சையில் பெரும்பங்கு மனிதர் செய்தது. அதைச் செய்தவர்களில் எங்கள் பாட்டன்மாரும் இருந்தார்கள்.

நாங்கள் 1964இல் பர்மாவை விட்டு வந்த குடும்பம். கடைகள் அரசுடைமையாயின. அந்த ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. காதிலும் கழுத்திலும் கிடந்ததைக்கூடக் கொண்டுபோக விடாமல் கப்பலேற்றினார்கள். பிறகு சென்னை, அதற்கும் பிறகு ஐரோப்பா. ஆகவே பர்மா என்றதும் எங்கள் வீட்டில் ஒரே கதைதான்: நாங்கள் உழைத்தோம், அவர்கள் துரத்தினார்கள். இப்பக்கங்களைப் படிக்கும் பலர் வீட்டிலும், ஊரின் பெயர் வேறாக இருந்தாலும், ஏறக்குறைய இதே கதையைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்கள். கதை பொய்யில்லை. ஆனால் அதில் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வருவதில்லை.

1852இல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்தபோது ஐராவதிக் கழிமுகத்தின் பெரும்பகுதி காடும் சதுப்புமாகக் கிடந்தது. கனசோ என்று பர்மியர் சொல்லும் மரம் அங்கே அடர்ந்திருந்தது. வங்காளத்தில் சுந்தரி என்று பெயர்பெற்றதும் அதே மரந்தான். காட்டைத் திருத்துபவனுக்குச் சில ஆண்டுகள் வரி இல்லை என்றது அரசு. பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயிரிட்டு வரி கட்டினால் நிலம் அவனுக்கே என்றது 1876ஆம் ஆண்டுச் சட்டம். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தது; ஐரோப்பியச் சந்தை நெருங்கியது. ஏழெட்டு இலட்சம் ஏக்கராக இருந்த நெல்வயல் 1930களில் எண்பது இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகப் பர்மா ஆயிற்று.

இந்த மாற்றத்தை யார் செய்தார்கள் என்று கேட்டால் விடை சுலபமாகக் கிடைப்பதில்லை. கோடரி பிடித்தவர்களில் பெரும்பாலோர் மேல் பர்மாவிலிருந்து இறங்கிவந்த பர்மியக் குடியானவர்கள். அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் செட்டிநாட்டார். அறுவடைக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் தமிழரும் தெலுங்கரும் கப்பல் கப்பலாகப் போனார்கள். இலாபத்தின் மேற்பகுதி ஆங்கிலக் கம்பனிகளுக்குப் போனது. 1930இல் நெல் விலை விழுந்தது. கடனுக்கு ஈடாக நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் ஆறு வீதமாக இருந்த செட்டிநாட்டார் நிலம் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கால்பங்காயிற்று. நாம் வெறுக்கப்பட்டதன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

மரத்தை வெட்டியவன் வயிற்றுக்காக வெட்டினான். வட்டிக்கடைக்காரர் தொழிலைச் செய்தார். கூலி மூட்டை சுமந்தான். ஒவ்வொருவரையும் தனியே நிறுத்தி விசாரித்தால் எல்லோரும் விடுதலையாகிப் போவார்கள். ஆனால் காடு திரும்பிவராது. உண்டவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். இலங்கையின் மலைத்தோட்டங்களிலும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் எம்மவர் உலையில் வெந்ததில் பர்மா அரிசியும் உண்டு. அந்தத் தோட்டங்களும் காட்டை அழித்துப் போட்டவைதாம். ஒரு காட்டை அழித்துக்கொண்டிருந்தவனுக்கு இன்னொரு காடு அழிந்த இடத்திலிருந்து சோறு வந்தது. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அந்த அரிசி நின்றது. கொழும்பிலிருந்து வன்னிவரை அதன் பஞ்சத்தை அறிந்த முதியவர்கள் எங்கள் தலைமுறைக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மிங்கலாடோன் பக்கம் எங்கள் பெரியம்மாவின் மகள் இருக்கிறார். 1964இல் கப்பலேறாமல் நின்றுவிட்ட கிளை. தமிழைப் பர்மிய இழுவையோடு பேசுவார். 2008 மே 2ஆம் திகதி இரவு நர்கிஸ் புயல் அடித்ததை அவரிடம் கேட்டோம். "இங்கே கூரை போச்சு, ரோட்டோர மரமெல்லாம் சாஞ்சு கெடந்துச்சு, ஆளுங்க பொழைச்சோம்" என்றார். சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கே கீழே, புடிச்சுக்கக்கூட மரம் இல்லாம போச்சு தம்பி" என்றார்.

கீழே என்று அவர் சொன்னது பொகலேயையும் லபுட்டாவையும். அந்த ஒரு புயலில் ஏறக்குறைய 1,38,000 பேர் மாண்டார்கள் அல்லது காணாமற்போனார்கள். கண்டற்காடு அப்படியே இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் வேர்கள் பின்னிக் கிடக்கும் கரையில் கடலலை வேகம் இழக்கும் என்பது கடற்கரை மக்கள் அறிந்தது. தப்பியவர்களில் சிலர் மரத்தைக் கட்டிப்பிடித்துத் தப்பினார்கள்.

எங்கள் பங்கை மிகைப்படுத்தவும் கூடாது. 1978இல் சுமார் 2,600 சதுர கிலோமீற்றராக இருந்த ஐராவதிக் கண்டற்காடு 2011இல் 940 ஆகச் சுருங்கியதைச் செய்மதிப் படங்கள் காட்டின. அது நாங்கள் போன பிறகு நடந்தது. ரங்கூன் அடுப்புகளுக்குக் கரி வேண்டியிருந்தது. இன்னும் நெல் வேண்டியிருந்தது. ஆனாலும் காடு என்பது வயலாகக் காத்திருக்கும் தரிசு என்ற எண்ணத்தை அந்த மண்ணில் ஊன்றிய கூட்டத்தில் நாமும் இருந்தோம். அந்த எண்ணம் எமக்குப் புதிதல்ல. காட்டை அழித்து ஊராக்கியதற்காகக் கரிகாலனைப் புகழும் பட்டினப்பாலையை நாம் பெருமையோடுதான் படிக்கிறோம்.

அப்படியானால் நாம் குற்றவாளிகளா? குற்றம் வேறு, கடன் வேறு என்று எமக்குத் தோன்றுகிறது. குற்றத்தை அதிகாரத்தின் அளவுப்படி பங்கிடவேண்டும். சட்டம் செய்தவனுக்கும் மூட்டை சுமந்தவனுக்கும் ஒரே பங்கு என்றால் அது அநியாயம். கடனுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. தகப்பன் வாங்கிய கடனைப் பிள்ளை வாங்கவில்லைத்தான். ஆனால் அதில் கட்டிய வீட்டில் பிள்ளை வளர்ந்திருக்கிறான். எம்மைத் துரத்தியதால் அந்தக் கடன் தீர்ந்துவிட்டது என்று நாம் நெடுநாள் நம்பினோம். நாம் இழந்ததை எடுத்துக்கொண்டது அரசு. நர்கிசில் செத்தவர்களோ எம்மிடம் ஒன்றும் எடுக்காத மீனவரும் கூலிகளும். அந்தக் கணக்கை இவர்கள் பேரில் நேர்செய்ய முடியாது.

திரும்புவதற்கு முதல்நாள் அக்காவோடு ஹ்லோகா ஏரிக்குப் போனோம். நகரத்துக்குக் குடிநீர் கொடுக்க 1904இல் அமைத்த நீர்த்தேக்கம் அது. சுற்றியுள்ள காடு 1982இல் வனப்பூங்காவாயிற்று. மானும் குரங்கும் நிற்கின்றன. நகரம் இத்தனை நெருங்கிவந்தும் இந்தக் காடு பிழைத்ததற்குக் குடிநீர் ஒரு காரணம். குழாயைத் திறப்பவனுக்குக் காட்டின் பயன் அன்றைக்கே தெரிகிறது. கழிமுகக் காட்டின் பயனோ ஐம்பது ஆண்டுக்கொருமுறை, அதுவும் யாரோ ஓர் ஏழை மீனவனுக்கு. நாம் குடிக்காத தண்ணீரையும் எம்மேல் வீசாத புயலையும் நினைத்து ஒரு மரத்தை விட்டுவைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

போரில் பதுங்குகுழிக்குத் தறித்த பனைகளை எண்ணி வருந்தும் நண்பர்கள் எமக்குண்டு. உயிர் காக்கத் தறித்ததைக் குற்றம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் போர் முடிந்தபின் அந்த மண்ணில் பனங்கொட்டை ஊன்றினார்கள். தறித்தவரும் ஊன்றினார், அதைப் பார்த்தறியாத பிள்ளையும் ஊன்றியது. கடன் என்று நாம் சொல்வது அதைத்தான்.

நர்கிசுக்குப் பிறகு கழிமுகத்துக் கிராமங்களிலும் கண்டற்கன்று நட்டார்கள். சில பிழைத்தன, சிலவற்றைப் பிடுங்கி மறுபடி நெல் போட்டார்கள். பிடுங்கியவனைத் திட்ட எம்மால் முடியவில்லை. அவன் வீட்டில் அன்றைக்கு அரிசி இல்லாதிருந்திருக்கலாம். கன்று நிற்கவேண்டுமானால் அது வளரும்வரை அவனுக்கு யாராவது சோறு போடவேண்டும். அந்தக் கழிமுகத்துச் சோறு ஒருகாலத்தில் எங்களை வளர்த்தது. ஐரோப்பாவுக்குத் திரும்பிய பிறகு, கோயில் திருவிழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அக்கா வழியாக அங்கே அனுப்புவதென்று குடும்பத்தில் பேசி முடிவெடுத்தோம். பெரிய தொகையில்லை. வட்டிக்கும் காணாது.